அடி கருகிய தக்காளி: திருச்சி மொட்டைமாடியில் ஒரு பருவத்தின் கணக்கு

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது பையில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஐந்து காய்கள் தொங்கின. காம்புப் பக்கம் பார்த்தால் பளபளவென்று, எண்ணெய் தடவியது போல இருந்தன. ஒன்றைக் கையில் ஏந்தித் திருப்பினேன். பூ உதிர்ந்த நுனியில், ஒரு ரூபாய்க் காசில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். வெந்நீர் பட்டது மாதிரி நீர் கோத்திருந்தது. அடுத்த காயிலும் அதே. அதற்கடுத்த காயில் அந்த இடம் ஏற்கெனவே கருத்து, தட்டையாகி, பழைய செருப்புத் தோல் போல இறுகியிருந்தது.

மேலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. இரண்டு வாரமாக நான் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலையிலிருந்து ஏப்ரல் கடைசி வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்த எண்கள் கையில் இருக்கின்றன. பதினைந்து செடிகளின் கணக்கு இது. ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை போன்ற பெரிய கணக்கு இல்லை. ஆனால் மாடியில் தக்காளி வைக்கிற பலரும் இந்தக் கருப்பைப் பார்த்துவிட்டு நான் செய்த அதே மூன்று தப்புகளைச் செய்வதைக் காண்கிறேன். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

எதை, எங்கே, எப்படி வைத்தேன்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்ற மாதம் நினைவிருக்கும். அப்போதுதான் இந்த முறை தக்காளி வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்பு கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் மாடியில் நன்றாகவே வந்திருந்தன. தக்காளியும் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

எங்கள் மொட்டைமாடி மேற்குப் பார்த்தது. கைப்பிடிச் சுவர் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூடக் கொதிக்கும். அதன் ஓரமாகப் பத்துப் பைகளில் கடையில் வாங்கிய ஓவல் வடிவ வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகம். உள்பக்கமாக நான்கு பைகளில் பி.கே.எம் 1. இது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பழைய ரகம். அண்ணஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கியது. தட்டை உருண்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோளோடு காய்க்கும். வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். மிச்சமிருந்த ஒட்டு ரக நாற்று ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய சிமெண்ட் தொட்டியில், செம்மண்ணில் நட்டேன். அது வெறும் இட நெருக்கடியால் நட்டது. பிறகு இந்த முழுக் கதைக்கும் அதுதான் சாட்சியாக நின்றது.

பை ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். உள்ளே பெரும்பங்கு தென்னை நார்க்கழிவு, மீதி மண்புழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. மாடிக்குப் பாரம் ஏறக்கூடாது என்று மண் சேர்க்கவில்லை. நார்க்கட்டியை ஒரு முறை ஊறவைத்துப் பிழிந்தேன், அவ்வளவுதான். பிழிந்த தண்ணீர் காபி டிக்காஷன் நிறத்தில் வந்தது. நிறம் போகிற வரைக்கும் அலச வேண்டும் என்று தெரியும், பொறுமை இல்லை.

நவம்பர் 20 விதைத்தேன். மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 17, நாற்றைப் பைக்கு மாற்றினேன். பொங்கல் வாரத்தில் முதல் பூ. காலை பத்து மணிக்கு மேல் செடியை மெல்லத் தட்டிவிடுவேன். தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் இருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். காற்றில்லாத மாடியில் இந்தத் தட்டல் நன்றாகவே வேலை செய்தது. பூ பிடித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உரமாகக் கடலைப் புண்ணாக்குக் கரைசல். மூன்று நாள் புளிக்க வைத்து, பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, நான்கு நாளைக்கு ஒரு முறை. இலை கரும்பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் செடியைப் பாராட்டினார்கள். அந்தக் கரும்பச்சையே ஒரு எச்சரிக்கை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் வேலை எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் பைக்கு இரண்டு மக், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். கீழே துளை வழியாகத் தண்ணீர் வடிந்து தரையில் ஓடும். சரி, பை நிறைந்துவிட்டது என்று அடுத்த பைக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஹோஸ் பைப்பைப் பிடித்து எல்லாப் பைகளிலும் ததும்பத் ததும்ப விடுவார். மதியத்தில் இலை துவண்டு தொங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறை சொன்னார். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று தப்பு வைத்தியம்

முதலில் இதைப் பூஞ்சணம் என்று எண்ணினேன். கருப்பு, அழுகல் என்றால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன். பூஞ்சணத்தை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் தெளித்தேன். பத்து நாள் போனது. கருகிய காய்களைக் கிள்ளிப் போடப் போட, அடுத்த கொத்தில் அதே இடத்தில், அதே வட்டம்.

இங்கே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். நோய் என்றால் காயில் கண்ட கண்ட இடத்தில் புள்ளி விழும். இலையிலும் தண்டிலும் அடையாளம் இருக்கும். பக்கத்துக் காய்க்குத் தொற்றும். இதுவோ எல்லாக் காயிலும் பூமுனையில் மட்டும், அளவெடுத்து வைத்தது போல. காய்ப்புழு என்றால் துளையும் எச்சமும் இருக்கும். வெயில் காயம் என்றால் வெயில் படுகிற தோளில் வெளுக்கும், அடியில் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும்: பூமுனை அழுகல். கிருமியால் வருவதில்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் அங்குள்ள செல்கள் உடைந்து சாகின்றன. பூஞ்சணம் வந்தாலும் செத்த இடத்தில் பிறகு வந்து குடியேறுவதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட கையோடு இரண்டாவது தப்பு. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றால் முட்டை ஓடு. எல்லாரும் சொல்கிற வைத்தியம். ஓட்டைக் காயவைத்து, மிக்ஸியில் அடித்து, பைக்கு இரண்டு கை போட்டேன். ஏற்கெனவே நடவின்போதும் நொறுக்கிப் போட்டிருந்தேன். மூன்றாவது, கடையில் சொன்னபடி கால்சியம் நைட்ரேட் வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கலந்து வாரம் ஒரு முறை இலையில் தெளித்தேன்.

மார்ச் 3 அன்று உட்கார்ந்து எண்ணினேன். ஒட்டு ரகத்தின் பத்துப் பைகளில் அதுவரை பறித்ததும் கிள்ளிப் போட்டதும் சேர்த்து 68 காய். அதில் 43 அடி கருகியவை. பி.கே.எம் 1 நான்கு பைகளில் 31 காய், கருகியது 6. சிமெண்ட் தொட்டிச் செடியில் 9 காய். ஒன்றுகூடக் கருகவில்லை.

தொட்டிச் செடிக்கு முட்டை ஓடு போடவில்லை. தெளிப்பும் இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அத்தை வந்த பிறகு

பிப்ரவரி கடைசியில் மாமியார் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கினார். ஒட்டன்சத்திரம் பக்கம். தக்காளி பெட்டி பெட்டியாக மார்க்கெட்டுக்குப் போகிற ஊர். கல்யாணமானதிலிருந்து காட்டு வேலை பார்த்தவர். மாடிக்கு வந்தவர் காயைத் தொடவில்லை, முதலில் இலையைப் புரட்டிப் பார்த்தார்.

“கண்ணு, சீக்கு வந்திருந்தா இலை காட்டிக் குடுத்திருக்கும். இலை கம்முனு இருக்குது, காய் மட்டும் கெடுது. தண்ணி முறை தப்பியிருக்குது.”

“தெனமும் ஊத்தறேனே அத்தை. கீழ வடியுது பாருங்க.”

“வடியறது வேற, குடிக்கறது வேற.”

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் ஊற்றியிருக்கிறேன். ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஐந்தாம் பையில் செடி ஏற்கெனவே பாதி காய்ந்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். அரிவாள்மனையை எடுத்து வந்து பையை மேலிருந்து கீழாகக் கிழித்தேன்.

அந்தக் குறுக்கு வெட்டை இன்னும் மறக்கவில்லை. மேலே இரண்டு அங்குலம் ஈரம், கருப்பாக. அடியில் ஒரு அங்குலம் சேறு. நடுவில் ஒரு பெரிய கட்டி, வெளிர் பழுப்பு, தொட்டால் தூளாக உதிர்ந்தது. நார் காய்ந்து சுருங்கி, பையின் சுவரை விட்டு விரல் நுழைகிற அளவுக்கு விலகியிருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகச் சுவரோடு இறங்கி, துளையில் வெளியேறியிருக்கிறது. வேரின் பெரும்பகுதி அந்தக் காய்ந்த கட்டிக்குள். நுனி வேர்கள் பழுப்பாகி, இழுத்தால் நூல் போல அறுந்தன.

அந்தக் கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு. டிசம்பரில் போட்டது. பத்து வாரம் கழித்தும் விளிம்பு கூராகவே இருந்தது, விரலைக் குத்தியது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும். எங்கள் உப்புத் தண்ணீர் ஊற்றுகிற பையில் அது கல்லைப் போலக் கிடக்கும். ஓடு போடுவதில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பருவத்துக் காய்க்கு அது வந்து உதவும் என்று காத்திருந்தது வீண்.

சுண்ணாம்பு இருந்தது, போய்ச் சேரவில்லை

இதில் எனக்கு மிகவும் உறைத்த விஷயம் வேறு. எங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? குளியலறை வாளியில் வெள்ளைப் படிவம். ஷவர் துளை மாதம் ஒரு முறை அடைத்துக்கொள்ளும். வெந்நீர் போடுகிற கம்பியில் சுண்ணாம்பு ஓடு ஓடாகக் கட்டும். அந்தத் தண்ணீரைத்தான் தினமும் செடிக்கு ஊற்றினேன். சுண்ணாம்பு தண்ணீரிலேயே கரைந்து வந்துகொண்டிருக்க, நான் கடையில் காசு கொடுத்து அதையே வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஏன் காய்க்குக் கிடைக்கவில்லை? செடிக்குள் சுண்ணாம்புச் சத்து நகரும் வழி ஒன்றுதான்: வேரிலிருந்து மேலேறுகிற தண்ணீரோடு மட்டும் போகும். தண்ணீரை மேலே இழுப்பது யார்? இலை. இலையில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள், அவை வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து இழுக்கும். தக்காளிக் காயின் தோலில் அப்படிப்பட்ட துளையே கிடையாது. ஆகவே பகல் முழுக்க வருகிற தண்ணீரில் பெரும்பங்கும், அதோடு வருகிற சுண்ணாம்பும் இலைக்கே போகும். காய்க்குக் கிடைப்பது மிச்சம். அதிலும் காம்பிலிருந்து தூரமாக இருக்கும் பூமுனைக்குக் கிடைப்பது மிச்சத்தின் மிச்சம். நீளமான ஓவல் காய்க்கு அந்தத் தூரம் இன்னும் அதிகம், அதனால்தான் தட்டை உருண்டையான பி.கே.எம் 1-ஐவிட ஒட்டு ரகம் அடி வாங்கியது. இலைக்குப் போய்விட்ட சுண்ணாம்பு அங்கிருந்து காய்க்குத் திரும்பி வராது. இலையில் நான் தெளித்ததும் அதே கதைதான். சின்னக் காயின் மேலேயே நேராகப் பட்டால் கொஞ்சம் பலன் இருக்கலாம். இலை மேல் விழுந்தது இலையோடு நின்றது.

காய்க்கு அதன் பங்கு வந்து சேர்கிற நல்ல நேரம் இரவு. வெயில் இறங்கி, இலை இழுப்பதை நிறுத்திய பிறகு, வேர் தானாகத் தண்ணீரை மேலே தள்ளும். அப்போது காய்க்கும் பங்கு கிடைக்கும். ஆனால் இரவில் பைக்குள் ஈரம் இருந்தால்தானே தள்ள முடியும்? நான் காலையில் மட்டும் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் பை வறண்டுவிட்டது.

இது ஊகமா என்று பார்க்க எடை போட்டோம். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டாம் பையை மட்டும் தினமும் காலை ஊற்றிய பிறகும், மதியம் மூன்று மணிக்கும் தூக்கி எடை பார்த்து, அத்தை காலண்டர் தாளில் குறித்தார். ஞாயிறு ஹோஸ் பிடித்ததற்கு மறுநாள், திங்கள் மதியம் 9.7 கிலோ. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இறங்கி, வெள்ளி மதியம் 7.4. ஒன்றரை லிட்டர் ஊற்றினாலும் தங்கியது அதைவிடக் குறைவு, செடி இழந்ததோ அதைவிட அதிகம். ஞாயிறு மறுபடி மூழ்கடிப்பு. வாரா வாரம் வறட்சி, வெள்ளம், வறட்சி, வெள்ளம். சுண்ணாம்பை உறிஞ்சுவது இளம் வேர்நுனி மட்டும்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நுனி கருகியது, புது நுனி வருவதற்குள் அடுத்த வெள்ளி வந்தது.

இன்னொன்றும் சேர்ந்திருந்தது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பார்க்கிற டி.டி.எஸ் பேனாவை வைத்து, போர் தண்ணீரையும் பையின் அடியில் வடிகிற தண்ணீரையும் அளந்தேன். போர் தண்ணீர் 840. வடிந்தது 3,260. சரியாக அலசாத நார்க்கழிவில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் தங்கியிருக்கும், வேரில் நுழைய இவை சுண்ணாம்போடு போட்டி போடும். கடலைப் புண்ணாக்கிலிருந்து வரும் அமோனியமும் அதே போட்டியில் இறங்கும். போதாததற்கு, அது வளர்த்துவிட்ட அகல இலைகள் தண்ணீரை இன்னும் வேகமாக இழுக்கும். நான் பெருமைப்பட்ட கரும்பச்சைதான் காயின் பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது.

சிவப்பு நூல், நீல நூல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றுதான் அத்தை சொன்னார். எனக்கு எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. பிரித்துப் பார்த்த பைக்குப் பதிலாகப் பின்வரிசையில் கூடுதலாக வைத்திருந்த அதே வயது ஒட்டுச் செடி ஒன்றை ஐந்தாம் இடத்துக்கு நகர்த்தினேன். முதல் ஐந்து பைகள் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருப்பவை. அதிகம் கெட்டவையும் அவைதான். வேண்டுமென்றே மோசமானவற்றைத் தண்ணீர் மாற்றத்துக்கு எடுத்துக்கொண்டேன். மீதி ஐந்துக்குப் பழைய தண்ணீர் முறையும் வாராந்திரக் கால்சியம் தெளிப்பும் தொடர்ந்தன. உரம் இரண்டு பக்கமும் ஒன்றே.

மார்ச் 4 முதல் ஐந்து பைகளுக்கு நடந்தது இது. முதலில் ஒவ்வொரு பையின் ஓரத்து இடுக்கையும் மண்புழு உரத்தால் நிரப்பி, விரலால் அமுக்கி மூடினோம். பிறகு அரை மணிக்கு ஒரு மக் வீதம் மெல்ல மெல்ல ஊற்றி, நடுக்கட்டி ஊறும்வரை விட்டோம். அதற்கு ஒரு முழு முற்பகல் ஆனது. அதன்மேல் காய்ந்த இலையும் தென்னஞ்சருகும் நறுக்கி மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்கு. காலை ஆறரைக்கு ஒன்றேகால் லிட்டர், சாயங்காலம் அதே அளவு. நான் வர நேரமானாலும் அத்தை ஊற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் அதே அளவுதான். இந்த ஐந்து பைகளுக்கு ஹோஸ் பைப்பே பிடிக்கவில்லை.

அடுத்ததுதான் அத்தையின் யோசனை, இந்த முழு முயற்சியையும் காப்பாற்றியது. ஏற்கெனவே உருவாகிவிட்ட காய் கெட்டது கெட்டதுதான், அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்றார். பூமுனையின் தலைவிதி காய் சின்னதாக இருக்கும் முதல் இரண்டு வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது பிறகு. ஆகவே மார்ச் 5 முதல் 12 வரை புதிதாக மலர்ந்த கொத்துகளில் மட்டும் தையல் நூல் கட்டினோம். தண்ணீர் மாற்றிய பைகளில் சிவப்பு, மற்றவற்றில் நீலம்.

அடுத்த பத்து நாள் மனசைக் கெடுத்தது. சிவப்பு நூல் பைகளிலும் பழைய காய்கள் கருகிக்கொண்டே இருந்தன. நூல் இல்லாமல் இருந்திருந்தால் இதுவும் பலிக்கவில்லை என்று நான்காவது வைத்தியத்துக்குத் தாவியிருப்பேன். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். சரியான மாற்றத்தைச் செய்துவிட்டு, பழைய காயைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

மார்ச் 24 வாக்கில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஏப்ரல் 2 அன்று கடைசியாக எண்ணினோம். சிவப்பு நூல் கொத்துகளில் 38 காய், கருகியது 3. நீல நூல் கொத்துகளில் 35 காய், கருகியது 21. சிவப்பு நூலில் கருகிய அந்த மூன்றும் முதல் பையில், சுவரோடு ஒட்டி இருந்ததில்.

தொட்டிச் செடி ஏன் தப்பியது என்பதும் இப்போது விளங்கியது. அதில் செம்மண், பையைப் போல மூன்று மடங்கு கொள்ளளவு, தண்ணீர்த் தொட்டியின் நிழல். மண் ஈரத்தைப் பிடித்து வைத்து இரவெல்லாம் கொடுத்தது. அதே விதை, அதே போர் தண்ணீர். நிழலும் மண்ணும் சேர்ந்தே உதவியிருக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரு செடி போதாது.

மிச்சப் பருவம்

ஏப்ரல் 2-க்குப் பிறகு எல்லாப் பைகளுக்கும் அதே முறை. அதோடு கடலைப் புண்ணாக்கை நிறுத்தினேன். உப்பைக் கழுவ, ஒரு நாள் ஒவ்வொரு பையிலும் பத்து லிட்டர் மெதுவாக ஊற்றி வடியவிட்டேன். வடிநீர் அளவு 3,260-லிருந்து 1,300-க்கு இறங்கியது. மேற்குச் சுவருக்கு மேல் நிழல்வலை கட்டினோம், மதியம் இரண்டு மணிக்கு மேல் விழுகிற வெயிலுக்காக. சுவரில் சாத்தியிருந்த பைகளை ஒரு அடி உள்ளே நகர்த்தினேன்.

நான் இல்லாத நாளில் சாயங்காலத் தண்ணீர் யார் ஊற்றுவது? அத்தை ஊருக்குப் போன பிறகு இது பெரிய கேள்வியானது. ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, தலைகீழாகப் பையில் செருகிப் பார்த்தேன். முதல் வாரம் சரியாகச் சொட்டியது, பிறகு உப்புப் படிந்து துளை அடைத்துக்கொண்டது. வாரம் ஒரு முறை மூடியைக் கழற்றிப் பழைய புளித் தண்ணீரில் ஊறவைத்தால் திறந்துகொள்கிறது. வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பலன் இருக்கிறது.

அடி கருகிய காய்களை எல்லாம் வீசிவிடவில்லை. பூஞ்சணம் ஏறாமல் கருப்பு மட்டும் இருந்தால், அந்தப் பகுதியை நன்றாக அரிந்து எடுத்துவிட்டு மீதியை ரசத்துக்குப் போட்டோம். சுவையில் குறை இல்லை. கருகிய காய் மற்றவற்றுக்கு முன்பே பழுத்துவிடும். சீக்கிரம் சிவந்தால் சந்தோஷப்படாமல் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் நடுவில் வேறு பிரச்சினை. பூ வந்தது, காம்போடு மஞ்சளாகி உதிர்ந்தது. திருச்சியில் அந்த மாதம் வெயில் 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டும், இரவும் குளிராது. இரவு வெப்பம் 26 டிகிரிக்கு மேல் நின்றுவிட்டால் மகரந்தம் வலுவிழந்து காய் பிடிக்காது. இதற்கு மாடியில் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. தெளிப்பு, டானிக் என்று எதிலும் பணம் போடவில்லை. இருந்த காயைப் பழுக்கவிட்டு, ஏப்ரல் 28-ல் செடிகளைப் பிடுங்கினேன். கடைசியாகப் பழுத்தவை முழுச் சிவப்பாக ஏறாமல் ஆரஞ்சாகவே நின்றன, கடும் வெப்பத்தில் அந்தச் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும்.

பருவம் முழுவதும் வீட்டுச் சமையலுக்கு வந்தது 19 கிலோ. அதில் 11 கிலோ மார்ச் 20-க்குப் பிறகு பறித்தது.

பையைக் காலி செய்தபோது நார்க்கழிவைத் தூக்கிப் போடவில்லை. தொட்டியில் கொட்டி, மூன்று முறை நிறைய தண்ணீர் விட்டு அலசி, நிழலில் உலர்த்தியிருக்கிறேன். அடுத்த பட்டத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு செம்மண் கலப்பேன். மாடி தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டு, தூண் வரிசைக்கு மேலாகப் பைகளை வைப்பதாக முடிவு. ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை, தாயைப் போல வராது. பி.கே.எம் 1-ல் நன்றாகக் காய்த்த இரண்டாம் செடியிலிருந்து நான்கு பழங்களைப் பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, கொழகொழப்பு விட்டதும் கழுவினேன். அத்தை போனில் சொன்னபடி அடுப்புச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். மடிப்பின் மேல் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது.